இரண்டு லட்சமும் இரண்டு விழுக்காடும்



வணிக அறம், சமூகப் பொறுப்பு, வணிகச் சட்டத்தின் அடிப்படைகள் என்று மூன்று பொருளை ஒரே தலைப்பில் அடக்கி அழைப்பிதழில் போட்டுவிட்டீர்கள். மூன்றையும் முறையாகச் சொல்வதென்றால் ஒரு பருவம் முழுக்க வகுப்பெடுக்க வேண்டும். அதை உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகவே செய்வார்கள். நான் ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். ஓர் அறக்கட்டளை தான் பெற்ற நன்கொடையைத் திருப்பித் தர நேர்ந்த வழக்கு அது. அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடையில் இதைச் சொல்வது சற்றுக் குறும்புதான். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-இல் நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் காலமானார். அவரோடு தொடர்புடைய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் சென்னையில் இருந்தது. அந்த ஆண்டே அதன் பங்குதாரர்கள் கூடி, அவர் நினைவாக அமைக்கப்படும் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் கொடுக்கலாம் என்று இயக்குநர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். தொழில்நுட்ப அறிவும் வணிக அறிவும், அதில் காப்பீடு பற்றிய அறிவும் வளர வேண்டும் என்பது அறக்கட்டளையின் நோக்கம். யாரும் குறை சொல்ல முடியாத நோக்கம். பணமும் போய்ச் சேர்ந்தது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. புதிதாகப் பிறந்த எல்.ஐ.சி. பழைய கணக்குகளைப் புரட்டி, இந்த 2 லட்சத்தைத் திருப்பிக் கேட்டது.

அறங்காவலர்களில் ஒருவர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார், அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். வழக்கு அவர் பெயரிலேயே உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அறங்காவலர்கள் தரப்பில் இரண்டு வாதங்கள். நிறுவனத்தின் விதிகளிலேயே அறச்செயலுக்குப் பணம் கொடுக்க இயக்குநர்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்பது ஒன்று. பங்குதாரர்களின் ஈவுத்தொகைக் கணக்கிலிருந்துதானே கொடுத்தோம், அது அவர்கள் பணம்தானே என்பது மற்றொன்று. நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. அந்தப் பணம் நிறுவனத்தினுடையது, பங்குதாரர்களுடையது அல்ல. நிறுவனம் எந்தத் தொழிலுக்காகத் தோன்றியதோ அந்தத் தொழிலுக்குத் துணைசெய்யாத எந்தக் கொடையும் அதன் அதிகார எல்லைக்கு வெளியே. பங்குதாரர்கள் அத்தனை பேரும் கை தூக்கினாலும் செல்லாது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றது தீர்ப்பு. 1963-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அது இருக்கிறது. கம்பெனிச் சட்டம் படிக்கும் ஒவ்வொருவரும் படிக்கிற தீர்ப்பு. ஆனால் நம் ஊர்க் கதையாக யாரும் படிப்பதில்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து 2013-இல் வந்த நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு வேறொன்றைச் சொல்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் எதை எட்டினாலும் அந்த நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். நம் எல்லோருக்கும் பழகிவிட்ட 'சி.எஸ்.ஆர்.' இதுதான். 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்று கொடுத்தது தப்பு. இன்று கொடுக்காவிட்டால் தப்பு. 2021 ஜனவரிக்குப் பிறகு, செலவழிக்காத தொகையைக் குறித்த காலத்துக்குள் குறித்த நிதியில் கட்டாவிட்டால் அபராதமும் உண்டு.

இந்த மாற்றத்தை முன்னேற்றம் என்று பலர் கொண்டாடுகிறார்கள். 2 விழுக்காட்டினால் பள்ளிக் கழிப்பறைகள் வந்தன, ஏரிகள் தூர்வாரப்பட்டன, மருத்துவமனைகளுக்குக் கருவிகள் வந்தன. நான் அதை மறுக்க வரவில்லை. ஆனால் வணிகத்தின் பொறுப்பு என்றாலே அந்த 2 விழுக்காடுதான் என்று நம் கண்ணைப் பழக்கிவிட்டார்கள். மீதி 98 விழுக்காடு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என் பேச்சு முழுவதும் அந்த 98-ஐப் பற்றித்தான்.

அந்த அறக்கட்டளைத் தீர்ப்பில் நீதிமன்றம் பிடித்துக்கொண்ட கொள்கையை முதலில் பார்ப்போம்: நிறுவனம் வேறு, அதன் உரிமையாளர்கள் வேறு. இதன் வேர் லண்டனில் இருக்கிறது. ஆரோன் சாலமன் என்ற தோல் காலணி வியாபாரி 1892-இல் தன் கடையை ஒரு கம்பெனியாக்கினார். பங்குகள் 20,007. அதில் 20,001 அவருக்கு. மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. வியாபாரம் நொடித்தது. கடன்காரர்கள் சாலமன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கம்பெனி பட்ட கடனுக்குச் சாலமன் பொறுப்பில்லை, கம்பெனி தனி ஆள் என்று 1896-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்தியாவில் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி 1857-லேயே சட்டத்தில் வந்துவிட்டது. பெயர்ப்பலகையில் 'லிமிடெட்' என்று போடுகிறோமே, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவுதான்: நஷ்டம் வந்தால் நான் போட்ட பங்குத் தொகை போகும், என் வீடு போகாது.

இது யார் கொடுத்த சலுகை? சந்தை கொடுத்ததல்ல. சட்டம் கொடுத்தது, அதாவது சமூகம் கொடுத்தது. செட்டிநாட்டு வட்டிக்கடைக்காரருக்கு இந்தச் சலுகை கிடையாது. பர்மாவில் கடை முறிந்தால் காரைக்குடியில் வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். இன்று ஒரு லிமிடெட் கம்பெனி முறிந்தால் இழப்பின் பெரும்பகுதி சப்ளையர்கள் தலையிலும் தொழிலாளர்கள் தலையிலும் வங்கி வைப்புதாரர்கள் தலையிலும் விழுகிறது. தனக்கு வரக்கூடிய இழப்புக்கு முன்கூட்டியே ஊரை ஈடு வைத்துத் தொழில் செய்பவர், லாபம் வரும்போது மட்டும் இது என் சொந்த சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது.

இதை நம் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் தொட்டிருக்கிறது. குடும்பப் பங்குதாரர்களுக்குள் சண்டை வந்து ஒரு கம்பெனியைக் கலைக்கக் கேட்டார்கள். அங்கே வேலை செய்த நூற்றுக்கணக்கானவர்களின் தொழிற்சங்கம், எங்களையும் கேளுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் போய் நின்றது. உங்களுக்கு இதில் பேச உரிமையில்லை என்றார்கள். மேல்முறையீட்டில் ஐவர் அமர்வில் மூவர், தொழிலாளர்களுக்குப் பேசும் உரிமை உண்டு என்றார்கள். மூலதனம் போட்டவருக்கு இருக்கும் பங்கு உழைப்பைப் போட்டவருக்கும் உண்டு என்ற கருத்து 1980-களின் தொடக்கத்தில் இப்படிச் சட்டத்துக்குள் வந்தது. 2013 சட்டத்தின் 166-ஆம் பிரிவில் அது இன்னும் விரிந்திருக்கிறது. இயக்குநர் பங்குதாரர்களுக்காக மட்டுமன்றி, ஊழியர்கள், சமுதாயம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனுக்காகவும் நல்லெண்ணத்தோடு செயல்பட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 135-ஆம் பிரிவுக்கு மேடை போடுகிறோம், கேக் வெட்டுகிறோம். 166-ஐ எந்த விழாவிலும் யாரும் படித்து நான் கேட்டதில்லை.

சரி, சி.எஸ்.ஆர். விதிகளுக்குள்ளேயே ஒரு நல்ல வரி ஒளிந்திருக்கிறது. எதையெல்லாம் சமூகப் பணியாகக் கணக்குக் காட்டக்கூடாது என்று ஒரு பட்டியல். கட்சிகளுக்குக் கொடுத்த நன்கொடை கூடாது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவது கூடாது. விளம்பர ஆதாயத்துக்காகச் செய்யும் உபயம் கூடாது. வேறு எந்தச் சட்டத்தின்படியாவது நீங்கள் செய்தே ஆக வேண்டியதைச் செய்துவிட்டு அதையும் சேர்க்கக் கூடாது. தொழிலாளர் வைப்புநிதி கட்டியது சேவை ஆகாது. கழிவுநீரைச் சுத்திகரித்தது சேவை ஆகாது. நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு கொடுத்தது சேவை ஆகாது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் தருவதற்குத்தான் கொடை என்று பெயர். சட்டம் எழுதியவர்கள் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். நாம்தான் தலைகீழாகப் படிக்கிறோம்.

நம் வணிகச் சமூகங்களில் இந்த வரிசை இயல்பாகவே இருந்தது. மகமை என்ற ஏற்பாடு இங்கே பல குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். விருதுநகர்ப் பேட்டைகளில் மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வியாபாரம் நடக்கும்போதே பொதுநிதிக்கு எடுத்து வைத்தார்கள். வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். 1889-இல் அங்கே சத்திரிய வித்தியாசாலை எழுந்தது அப்படித்தான். காமராசர் படித்த பள்ளி அது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மகமை லாபத்தில் பங்கு இல்லை. லாபமோ நஷ்டமோ, மூட்டை நகர்ந்தால் மகமை உண்டு. பேரேட்டில் அது கூலி, வாடகை வரிசையில் எழுதப்படும் செலவு. ஆண்டு முடிவில் லாபம் பார்த்து, மனசு வந்தால் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த நிதி பெரும்பாலும் தன் சாதிக்குள்ளேயே சுற்றியது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கணக்கெழுதிய முறை சரியானது.

இனி, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காத கதைக்கு வருகிறேன். அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவை பீளமேட்டிலும் சிறு பட்டறை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜாப் ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனியின் பெயரைச் சொன்னால் பெருமைப்படுவார்கள். பில் எப்போது பாஸாகும் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். 90 நாள், 120 நாள் என்று இழுக்கும். அதற்குள் ஆளுக்குச் சம்பளம், மின்கட்டணம், இரும்பு வாங்கிய கடன். பில்லுக்கு ஜி.எஸ்.டி.யும் கையிலிருந்து கட்டியாகிவிடும். ஆகவே பட்டறைக்காரர் வட்டிக்கு வாங்குகிறார். உண்மையில் சிறியவர் வட்டி கட்டி, பெரியவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை உரிமையாளருக்கு ஐந்து மாத பில் நிலுவை இருந்த நேரத்தில், அதே கம்பெனி அவர் தெருப் பள்ளிக்கு மேசை நாற்காலி கொடுத்தது. விழாவுக்கு அவரையும் அழைத்திருந்தார்கள். போனார். கைதட்டினார். வேறென்ன செய்வார்?

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், இருந்தாலும் 45 நாளுக்கு மேற்படாமலும் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டும் கூட்டுவட்டி. 90 நாள் என்று இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த 90 செல்லாது. ஒப்பந்தச் சட்டம் என்றால் கையெழுத்துப் போட்டால் கட்டுப்பட வேண்டும் என்று மட்டும் நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமே சுதந்திரமான சம்மதம் வேண்டும் என்கிறது, பொதுக் கொள்கைக்கு விரோதமான உடன்பாடு செல்லாது என்கிறது. பலசாலி எழுதிக் கொடுத்த தாளில் பலவீனன் போட்ட கையெழுத்தைச் சட்டம் எப்போதுமே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கூட்டுவட்டியைக் கேட்டு வழக்குப் போடும் பட்டறைக்காரருக்கு அடுத்த மாதம் ஆர்டர் வராது. அதனால் வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், உண்மையில் தரும் ஆண்டு வரை அதைச் செலவாகக் கழிக்க முடியாது. 2023-24 கணக்காண்டிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள், அப்போதுதான் ஆர்டர் என்று சில இடங்களில் வாங்குவோர் நெருக்கியதாகப் புகார்கள் வந்தன. சட்டம் ஓர் அடி வைத்தால் வணிகம் இரண்டு அடி நகர்கிறது.

பணத்தைத் தாமதிப்பதாவது பட்டறைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விஷயம். ஒப்பந்தத்தில் பெயரே இல்லாத ஒருவர் தலையில் செலவை ஏற்றுவது இன்னும் மோசம். பாலாற்றைப் பார்ப்போம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வழியாகத் தோல் தொழிற்சாலைகள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாவதையும், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிரிட முடியாமல் போனதையும் தீர்ப்பு பதிவு செய்கிறது. அதே தீர்ப்பின்படி, திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயிருந்தன. அந்த விவசாயிகள் யாரும் தோல் விற்கவில்லை, வாங்கவில்லை. காலணி ஏற்றுமதியான கப்பலை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காலணியின் விலையில் ஒரு பகுதியை அவர்கள் கட்டினார்கள், கிணற்றாகக் கட்டினார்கள்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தத் தீர்ப்பு நாட்டின் சட்டத்துக்குள் உறுதியாகக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். அது சில்லறை. முக்கியமானது, இழப்பைக் கணக்கிட்டு அவர்களிடமிருந்து வாங்கி, பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க ஓர் ஆணையம். ஆணையமும் அமைந்தது, கணக்கும் போட்டது. ஆனாலும் 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை உட்கார்ந்து, விடுபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 ஆண்டுகள். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். கெடுதலைத் தடுக்கக் கட்டிய இடத்திலேயே, அதையும் மலிவாகச் செய்யப் பார்த்த கதை.

இதெல்லாம் சொன்னால், சிறு தொழில் தாங்காது சார் என்பார்கள். திருப்பூரைக் கேட்போம். நொய்யலில் பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு விதித்தது, கெடு தப்பியது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஊரே முடிந்தது என்றார்கள். பல குடும்பங்கள் உண்மையிலேயே நொடித்தன. சில பட்டறைகள் திருட்டுத்தனமாக வேறு ஊர் ஆறுகளைத் தேடிப் போயின. ஆனால் தொழில் சாகவில்லை. ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்குத் திருப்பூர் மாறியது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அதாவது மாசுபடுத்தியவரின் செலவில் ஒரு பங்கை வரி கட்டுபவரும் ஏற்றார். அது சரியா என்று நீங்கள் விவாதிக்கலாம். இன்று அதே திருப்பூர் வெளிநாட்டு வாங்குவோரிடம் அந்தச் சுத்திகரிப்பைத்தான் தன் பெருமையாகச் சொல்கிறது. தாங்காது என்ற செலவைத் தாங்கிவிட்டது. முன்பு அந்தச் செலவை ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்தவர்கள் தாங்கிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆபத்தான தொழில் விஷயத்தில் நம் சட்டம் மிகக் கடுமையானது. டெல்லியில் 1985 டிசம்பரில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்தது. போபால் விஷவாயுக் கசிவு நடந்து ஏறத்தாழ ஓராண்டு. அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பில் தலைமை நீதிபதி பகவதி, அபாயகரமான பொருளை வைத்துத் தொழில் நடத்துபவர் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது என்றார். நிறுவனம் எவ்வளவு பெரிதோ இழப்பீடும் அவ்வளவு பெரிது என்றார். எழுத்தில் இவ்வளவு கடுமை. ஆனால் போபாலுக்கே 1989-இல் 47 கோடி டாலரில் சமரசம் செய்துகொண்டோம். இந்திய அரசு முதலில் கேட்டது 300 கோடி டாலருக்கும் மேல்.

சட்டம் போதாது, மனசு வேண்டும் என்று இந்த இடத்தில் பேச்சாளர்கள் முடிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. துணிக்கடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்த பெண்களுக்கு ஒரு ஸ்டூல் போட யாருக்கும் மனசு வரவில்லை. 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, இருக்கை போடு என்று எழுதிய பிறகுதான் ஸ்டூல் வந்தது. அதிலும் எத்தனை கடைகளில் வந்திருக்கிறது என்று அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது பாருங்கள். தொழிலின் ஒரே சமூகப் பொறுப்பு லாபம் ஈட்டுவதுதான் என்று 1970-இல் எழுதிய மில்டன் ஃப்ரீட்மன்கூட, ஆட்டத்தின் விதிகளுக்குள் நின்று, ஏமாற்றாமல் என்று ஒரு நிபந்தனை போட்டார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் அந்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். அந்த நிபந்தனையை மட்டும் நம் ஊரில் முழுசாக நிறைவேற்றினால் பாதி சி.எஸ்.ஆருக்கு வேலையே இருக்காது.

மாணவர்களே, உங்களில் பலர் தணிக்கையாளர்களாகப் போகிறீர்கள். சிலர் அப்பாவின் கடையில் உட்காரப் போகிறீர்கள். எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை கைக்கு வந்தாலும், வழவழப்பான தாளில் குழந்தைகள் சிரிக்கும் பக்கத்தை முதலில் புரட்டாதீர்கள். கணக்குக் குறிப்புகளுக்குப் போங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய நிலுவை எவ்வளவு, அதற்குச் சேர்ந்த வட்டி எவ்வளவு என்று தனியாகக் காட்டியாக வேண்டும், அதைப் பாருங்கள். தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பில், வைப்புநிதியும் இ.எஸ்.ஐ.யும் ஜி.எஸ்.டி.யும் ஆறு மாதத்துக்கு மேல் கட்டாமல் கிடக்கிறதா என்று எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். நிலுவையில் உள்ள வழக்குகளின் குறிப்பில் எந்த ஆறு, எந்த ஊர் என்று பாருங்கள். இந்த மூன்றும் சுத்தமாக இருந்தால் அப்புறம் அந்தக் குழந்தைகள் பக்கத்துக்கு வாருங்கள். நாளைக்கு நீங்களே கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கும்போது, பட்டறைக்காரரின் பில்லை 45-ஆம் நாளுக்குள் பாஸ் செய்யுங்கள்.